அந்தத் துகளின் வெளிப்புறத்தில் எந்த உலோகம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரட்டை உலோக நானோ துகள்களை, அதாவது இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்து வினையூக்கி போன்ற வேலைகளுக்குப் பயன்படுத்தும் மிகச் சிறு துகள்களை, பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாதி பிளாட்டினமும் பாதி நிக்கலும் சேர்த்தால் இரண்டின் குணமும் பாதிப் பாதியாகக் கிடைக்கும் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்தத் துகள்களைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

துகள் சிறுத்துக்கொண்டே போனால் அணுக்களில் பெரும்பங்கு வெளிப்பக்கம் வந்துவிடும். 13 அணுக்கள் கொண்ட கொத்தில் ஒன்றுதான் நடுவில், மீதி 12 வெளியே. 55 அணுக்கள் என்றால் 42 வெளியே. சுமார் இரண்டரை நானோமீட்டர் அளவுள்ள, 309 அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட துகளிலும் 162 அணுக்கள் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. வாயுவோ அமிலமோ வந்து தொடுவது இவற்றைத்தான். மொத்த விகிதம் 50:50 என்று ஆய்வறிக்கை சொல்லலாம்; மேல் அடுக்கு முழுக்க ஒரே உலோகமாக இருக்கவும் கூடும். அப்படியானால் 'பாதிப் பாதி' என்ற பேச்சுக்கு என்ன பொருள்?

மேலே வருவது எது என்பதில் இயற்கைக்கும் ஒரு விருப்பம் உண்டு. மேற்பரப்பு ஆற்றல் (மேற்பரப்பை உண்டாக்கச் செலவாகும் ஆற்றல்) குறைந்த உலோகம் வெளியே வரப் பார்க்கும். பெரிய அணுவுக்கும் உள்ளே நெருக்கியடித்து இருப்பதைவிட வெளியே இருப்பது வசதி. வெள்ளியும் செம்பும் சேர்ந்தால் வெள்ளி மேலே வர முயல்வது இதனால்தான். ஆனால் தயாரிக்கும் முறை இந்த விருப்பத்தை மாற்றி அமைத்துவிடும். தங்க உப்பையும் வெள்ளி உப்பையும் ஒன்றாக ஒடுக்கினால், அதாவது எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக மாற்றினால், எளிதில் ஒடுங்குகிற தங்கம் முதலில் கருவாகி, வெள்ளி அதன்மேல் ஓடாகப் படியக்கூடும். வெள்ளித் துகளை முதலில் செய்துவிட்டு அப்புறம் தங்க உப்பை ஊற்றினால் கதையே வேறு. மூன்று வெள்ளி அணுக்கள் கரைந்து போனால்தான் ஒரு தங்க அணு வந்து உட்காரும். அதனால் உள்ளே வெற்றிடம் விழுந்து துகள் கூடாகிவிடும். சேர்த்த உலோகங்கள் இரண்டு தடவையும் அவையேதான், கிடைத்தவை இரண்டு வேறு பொருள்கள்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். மாணவர்கள் சிறு குப்பியில் கரைசலைக் கொண்டுவருவார்கள். முதலில் அதன் நிறமாலையை, அதாவது எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடத்தை, கேட்பேன். தங்கத் துகள் சுமார் 520 நானோமீட்டரிலும் வெள்ளித் துகள் சுமார் 400-இலும் ஒளியை உறிஞ்சும். இரண்டுக்கும் நடுவே ஒரே முகடு இருந்தால் உலோகங்கள் அணு அளவில் கலந்திருக்கின்றன என்று எதிர்பார்க்கலாம். இரண்டு முகடுகள் இருந்தால் தங்கம் தனியே, வெள்ளி தனியே மிதக்கிறதோ என்று சந்தேகம் வரும், ஓடு தடித்த கரு–ஓடு துகளாகவும் இருக்கலாம். படிகத்தில் அணுக்களின் இடைவெளியை அளக்கும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறை இந்த ஜோடிக்கு அதிகம் உதவாது. தங்கத்தின் படிக அலகின் நீளம் 4.08 ஆங்ஸ்ட்ராம் (ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு), வெள்ளியுடையது 4.09, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும்.

அடுத்து, ஒரு சொட்டைக் கார்பன் படலம் போட்ட செம்பு வலையில் விட்டு, உலர்த்தி, நுண்ணோக்கிக்குள் ஏற்றுவேன். இருட்டுப் பின்னணியில் எடுக்கும் படத்தில் கனமான அணு பளிச்சென்று தெரியும். தங்கத்தின் அணு எண் 79, வெள்ளியின் அணு எண் 47. நடுவில் வெள்ளைப் பொட்டும் அதைச் சுற்றிச் சாம்பல் நிற விளிம்புமாகத் துகள் தெரிந்தால் யாரும் விளக்கவே வேண்டாம், அது தங்கக் கருவும் வெள்ளி ஓடும். பல்லேடியம்–வெள்ளி என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். 46-க்கும் 47-க்கும் படத்தில் வித்தியாசமே தெரியாது, தனிமங்களைப் பிரித்துக் காட்டும் எக்ஸ் கதிர் வரைபடம் எடுத்தாக வேண்டும். எலக்ட்ரான் கற்றையைக் கொஞ்சம் அதிகமாக வைத்தாலும் அணுக்கள் கண்முன்னே இடம் மாறத் தொடங்கும். அதனால் படம் எடுப்பதில் அவசரமும் கூடாது, தாமதமும் கூடாது.

'மேற்பரப்பை அளந்தோம்' என்று எழுதுவதிலும் கவனம் வேண்டும். எக்ஸ் கதிர் பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களை அளக்கும், பரவலாகப் பயன்படும் எக்ஸ் கதிர் ஒளி எலக்ட்ரான் முறை சில நானோமீட்டர் ஆழம் வரை பார்க்கும். மூன்று நானோமீட்டர் துகளில் அது ஏறக்குறைய முழுத் துகளையும் பார்த்த மாதிரிதான். வெளி அடுக்கு மட்டும் வேண்டுமென்றால் அயனிகளை மெல்ல மோதவிட்டு அவை சிதறுவதை அளக்கும் குறைந்த ஆற்றல் அயனிச் சிதறல் போன்ற முறைக்குத்தான் போக வேண்டும்.

இத்தனையும் செய்து முடித்தாலும் அந்த மேற்பரப்பு அப்படியே நிற்பதில்லை. 2008-இல் ரோடியம்–பல்லேடியம் துகள்களில் இதை நேரடியாகவே பார்த்தார்கள். ஆக்சிஜனேற்றும் வாயுச் சூழலில் ரோடியம் வெளியே வந்தது. ஒடுக்கும் சூழலுக்கு மாற்றியதும் பல்லேடியம் மேலே ஏறியது. வாயுவை மாற்றினால் அணுக்கள் மறுபடி இடம் மாறின. வினைக்கு முன்னால் எடுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வினை நடந்த விதத்தைப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்தே விளங்கும்.

சரி, கட்டுரை சொன்ன பிளாட்டினம்–நிக்கலுக்கே வருகிறேன். 2007-இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு துகளில் நடந்ததல்ல, ஒற்றைப் படிகத்தில் நடந்தது. மூன்று பங்கு பிளாட்டினமும் ஒரு பங்கு நிக்கலும் கொண்ட படிகத்தின் ஒரு குறிப்பிட்ட முகம், எரிபொருள் மின்கலனில் நடக்கும் ஆக்சிஜனை ஒடுக்கும் வினையில் அதே முகமுள்ள தூய பிளாட்டினத்தைவிடப் பத்து மடங்கு வேகம் காட்டியது. வெளி அடுக்கில் இருந்தது பிளாட்டினம் மட்டுமே! நிக்கல் அதற்கு அடியில் இருந்துகொண்டு மேலே உள்ள பிளாட்டினத்தின் எலக்ட்ரான் அமைப்பை மாற்றிவிட்டது, ஆக்சிஜன் சார்ந்த மூலக்கூறுகள் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்ளும் இறுக்கம் குறைந்தது. வெளியே தெரியாத உலோகம் வெளியே இருப்பதன் குணத்தை மாற்றிய இந்தச் சங்கதியைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்கு என்ன மிஞ்சும்?

அதே முகங்கள் எட்டும் வெளியே தெரியும்படி எண்முகத் துகள்களைச் செய்தபோது வேறொரு தலைவலி வந்தது. நிக்கல் முகங்களில் சேர்ந்திருந்தது, பிளாட்டினம் ஓரங்களில் நின்றது. அமிலத்தில் வேலை செய்யச் செய்ய நிக்கல் கரைந்து, முகங்கள் குழிந்து, ஓரங்கள் மட்டும் எலும்பாக மிஞ்சின. எரிபொருள் மின்கலனில் இவை பல்லாயிரம் மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று தெரியும்.

என் வேண்டுகோள் இதுதான். இனி இப்படியொரு ஆய்வைப் பற்றி எழுதும்போது, வெளி அடுக்கில் எந்த உலோகம் இருந்தது, அதை எந்த முறையில் அளந்தார்கள், வினைக்கு முன்பா பின்பா என்பதை ஆய்வாளரிடம் கேட்டு ஒரு பத்தியிலாவது போடுங்கள். பள்ளி மாணவர்களும் படிக்கிற பக்கம் அது. கரு, ஓடு, கலவை மூன்றையும் காட்டும் ஒரு சின்னப் படமும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
எலக்ட்ரான் நுண்ணோக்கிக் கூடத்தில் பணிபுரியும் உங்கள் வாசகர்