வீட்டைக் காட்டவா தரகு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்குவதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் எல்லாம் அழகு. ஆனால் அந்த வீட்டை முடித்துத் தருகிற தரகரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பக்கம் நான் கொஞ்சம் பட்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

நான் பள்ளத்தூரில் பிறந்தவள். மதுரையில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். பூர்வீக வீட்டில் எங்கள் புள்ளிக்கு (பங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) இருப்பது ஓர் அறையும் அதன் சாவியும்தான். துபாயில் இருக்கும் என் மகனுக்கு ஊர்ப்பக்கம் முழுசாக ஒரு வீடு வேண்டும் என்று ஆசை. சித்திரையில் ஒரு தரகர் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் வீடு காட்டினார். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். விலை மூன்றே கால் கோடி, எங்களிடம் தரகு இரண்டு சதவீதம்.

ஆள் கெட்டிக்காரர். தரை முழுக்க இத்தாலிக் கல் என்றார். குனிந்து பார்த்தேன், ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றிக் கையால் செய்கிற கல், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தரையையே மாற்றிச் சொல்கிறவர் பத்திரத்தில் என்ன சொல்வாரோ என்று அப்போதே உறுத்தியது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு மட்டும் அவர் சொன்னபடியே இருந்தது. இன்னும் முகம் தெரிகிறது.

"ஐப்பசியில் ஒருதரம் வந்து பார்க்கிறோம் தம்பி" என்றேன். "மழையில வீடு பாக்குறது சகுனமில்லை ஆச்சி" என்றார். நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் வளவுக்குள் (அறைகள் சூழ்ந்த நடுமுற்றம்) இறங்குகிற வீட்டை மழையில் பார்க்காமல் வேறு எப்போது பார்ப்பது? நாட்டு ஓடு எங்கே விலகியிருக்கிறது, எந்த உத்திரம் நனைந்து இற்றுப்போயிருக்கிறது என்பதெல்லாம் சித்திரை வெயிலில் தெரியுமா? ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதே இப்போது பாடாக இருக்கிறது.

அப்புறம் பத்திரம். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றை நீட்டி, "ஒரு வில்லங்கமும் இல்லை, சுத்தம்" என்றார். கட்டிய நாளிலிருந்து யாரும் விற்காத, அடகு வைக்காத வீட்டுக்கு வில்லங்கச் சான்றில் என்ன இருக்கும்? பதிவான ஆவணங்கள்தான் அதில் ஏறும். யார் இறந்தார், யார் வாரிசு என்பதெல்லாம் ஏறாது. இந்த வீடுகளின் வில்லங்கமே வாரிசுகள்தானே! கணக்கெடுத்துப் பார்த்தால் ஒன்பது புள்ளி. அதில் இரண்டு பெண்கள் மலேசியாவில். அவர்கள் கையெழுத்தைக் கேட்டதற்கு, "அவுக சீர் செனத்தி எல்லாம் வாங்கிட்டுப் போனவுக ஆச்சி, அவுகளுக்கு இங்க என்ன இருக்கு?" என்றார். சீர் வாங்கினால் பங்கு போய்விடும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே தகப்பன் பங்கில் மகளுக்கும் உரிமை உண்டு. 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. அவர்கள் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு பங்காளிக்குப் பதிலாக ஒரு பவர் பத்திரத்தின் ஜெராக்ஸைக் காட்டினார். விசாரித்தால், பவர் கொடுத்தவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அவரோடு அந்தப் பவரும் போயிற்று.

வரி விஷயத்தில் அவர் வாயே திறக்கவில்லை. ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் போகிற சொத்தை உள்நாட்டில் வசிப்பவரிடம் வாங்கினால் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டினால் போதும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அது வேறு கணக்கு, விகிதமும் அதிகம். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும். வங்கியில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது. தெரியாதவர்கள் கதி என்ன?

இவ்வளவும் தெரிந்த நான்தான், வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் பத்து லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன். இரண்டாம் முறை போனபோது வளவில் நாலாவது அறைக்குக் கதவைக் காணோம். நிலையோடு பெயர்த்து, செங்கல் வைத்துப் பூசியிருந்தது. பூச்சு இன்னும் ஈரம். பட்டகசாலைக் கூடத்தில் இருந்த பெல்ஜியம் கண்ணாடியும் இல்லை. தரகரைக் கேட்டால், "சாமான் எல்லாம் அக்ரிமென்டில் இல்லையே ஆச்சி" என்கிறார். சாமான் வேறு, கதவு வேறு இல்லையா? காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் அப்படியே ஒரு கதவைப் பார்த்தேன். அதுதான் இது என்று சத்தியம் பண்ண மாட்டேன். பர்மா தேக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் எங்களிடமும் விற்பவர்களிடமும் வாங்கும் தரகு போக, சாமான் வியாபாரிகளிடமும் அவருக்கு வரவு இருந்ததைப் பிற்பாடு அவரே பேச்சுவாக்கில் சொன்னார். மூன்று பக்கமும் வாங்குகிறவர் யாருக்காகப் பேசுவார்? பேரத்தை விட்டோம். முன்பணம் மூன்று தவணையாகத் திரும்பி வந்தது, கடைசித் தவணை தைப் பொங்கல் கழித்து.

தரகர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் அப்பச்சி காலத்தில் எங்கள் பங்காளி வீடு ஒன்று கைமாறியபோது ஒரு பெரியவர் இருந்தார். மலேசியாவில் ஈப்போவுக்குக் கடிதம் போடுவார், புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பேசுவார், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு நாளில் எல்லாப் புள்ளியும் ஊருக்கு வரும்போது வந்து உட்கார்ந்துகொள்வார். ஒன்றரை வருஷம் கழித்து எல்லாரும் பதிவு அலுவலகத்தில் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். வீட்டைக் காட்ட எந்தக் காவல்காரராலும் முடியும். இங்கே தரகு கையெழுத்தைச் சேர்ப்பதற்குத்தான். அதனால் அதைப் பதிவு முடிந்த அன்று கொடுத்தால் போதும். யாருக்காகப் பேசுகிறார், யாரிடம் எவ்வளவு வாங்குகிறார் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். நிலை, கதவு, தூண், கண்ணாடி என்று எண்ணி, படத்தோடு ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லலாம்.

2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் தரகர்களுக்குப் பதிவு உண்டே என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டேன். அந்தச் சட்டப்படி பதிவான புதுக் குடியிருப்பு, மனைத் திட்டங்களில் விற்றுக் கொடுக்கிறவர்களுக்குத்தான் அது கட்டாயம் என்றார். பழைய வீட்டைக் கைமாற்றிவிடுகிறவர் அதற்குள் வரவே மாட்டாராம். 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிற ஊர்கள் இவை. இங்கே கோடிக்கணக்கில் பேரம் பேசுகிறவருக்கு ஒரு பதிவு எண் கேட்பது தப்பா? அரசுக்கு இதைத் தங்கள் நாளிதழ் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மகன் ஆசையை விடவில்லை. வருகிற ஐப்பசியில் கொத்தமங்கலம் பக்கம் இன்னொரு வீடு பார்க்கப் போகிறோம். இது வேறு தரகர். வரும்போது குடை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
காரைக்குடி.