ஏஜிஎம் தேதி எப்போ? டைரக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேர்மன் ஐயாவுக்கும் டைரக்டர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கம்பெனி பேரை இங்க எழுதல. உங்களுக்குத் தெரியும், சவுத் ஆப்பிரிக்கா டர்பன்ல ஷேர் வச்சிருக்கிற நம்ம ஆளுங்களுக்கும் தெரியும், அது போதும். இங்கிலீஷ்ல மூணு லெட்டர் எழுதிட்டேன், ரெண்டு ஈமெயில் போட்டேன், "நோட்டட், தேங்க்யூ"ன்னு ஒரே ஒரு வரி வந்துச்சு. அதான் இந்தத் தடவை தமிழ்ல. சாட்ஸ்வொர்த்ல எங்க வீட்டுக்கு வந்து உக்காந்து, அம்மா போட்ட டீயைக் குடிச்சுக்கிட்டு அப்பாகிட்ட ஷேர் வித்தப்ப தமிழ்லதானே பேசினீங்க.

கடைசி ஏஜிஎம், அதான் ஷேர்ஹோல்டர்களைக் கூட்டி கம்பெனி கணக்கைக் காட்டற வருஷாந்திரக் கூட்டம், நடந்து மூணு வருஷம் தாண்டிருச்சு. முதல்ல ஆடிட்டர் மாறிட்டாருன்னீங்க, அப்புறம் ஹால் கிடைக்கலன்னீங்க, அப்புறம் ஒண்ணுமே சொல்றதில்ல.

அப்பா போன வருஷம் தவறிட்டாரு. அவர் விட்டுட்டுப் போனது ஒரு வீடு, பேங்க்ல கொஞ்சம் காசு, அப்புறம் உங்க ஷேர். அந்த சர்டிபிகேட்டை சாமி ரூம்ல முருகன் படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தாரு, அவ்வளவு நம்பிக்கை. இப்போ அவர் சொத்தை முடிச்சுப் பிரிச்சுக் குடுக்க வேண்டிய எக்ஸிகியூட்டர் நான்தான். எஸ்டேட் கணக்கை, இறந்தவங்க சொத்தைக் கவனிக்கிற அரசாங்க மாஸ்டர் ஆபீஸ்ல ஆறு மாசத்துல குடுக்கணும், அதுக்கு அப்பா இறந்த அன்னைக்கு ஷேர் என்ன மதிப்புன்னு வேணும். ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்ல இருக்கிற ஷேரா, பேப்பரைப் பாத்து எழுத? கம்பெனியோட கணக்கு வேணும். உங்க ஆபீஸ்ல கேட்டா மூணு வருஷத்துக்கு முந்தின அறிக்கையைத் தூக்கி நீட்டறாங்க, வக்கீல் அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாரு, நானும் ரெண்டு தடவை டைம் கேட்டு வாங்கிட்டேன். கணக்கு முடியாம பேங்க் காசுல கை வைக்க முடியாது. வீட்டுல கீசர் போயி நாலு மாசமாச்சு. எழுபத்தெட்டு வயசுல அம்மா அடுப்புல வெந்நீர் வச்சு பக்கெட்ல தூக்கிட்டுப் போயி குளிக்கிறாங்க. நான் மாத்தித் தரேன்னா விடமாட்டேங்கறாங்க, "உங்கப்பா காசு வரட்டும்"ங்கறாங்க.

அதனால கேக்கறேன், ஏஜிஎம்முக்கு ஒரு தேதி சொல்லுங்க.

இந்த நாட்டு 2008 கம்பெனீஸ் ஆக்ட் உங்களுக்குத் தெரியாம இருக்காது. பப்ளிக் கம்பெனின்னா ஒவ்வொரு வருஷமும் ஒரு ஏஜிஎம், போன கூட்டத்துலேர்ந்து 15 மாசம் தாண்டக்கூடாது, செக்‌ஷன் 61(7). பிரைவேட் கம்பெனியா இருந்திருந்தா நான் இவ்வளவு பேச முடியாது, அதுங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்ல. ஆனா உங்க பேர்ப் பலகையில வெறும் 'லிமிடெட்'னு மட்டும்தான் எழுதியிருக்கு, பிரைவேட் கம்பெனி போடற 'ப்ரொப்ரைட்டரி' இல்ல, அந்தப் பெருமையைச் சொல்லித்தானே ஷேர் வித்தீங்க. ஹால் கிடைக்கலன்னு சொன்னதும் எடுபடாது, ஆன்லைன்ல கலந்துக்க வசதி பண்ணிக் குடுக்கணும்னு அதே செக்‌ஷன்தான் சொல்லுது. கூட்டம் நடக்காததால கம்பெனி செத்துப் போகாது, செஞ்ச காரியமும் செல்லாம போகாதுன்னும் அதுலயே இருக்கு. நீங்க அந்த ஒரு வரியை மட்டும் நல்லா படிச்சு வச்சிருக்கீங்க போல.

லோட் ஷெடிங்குக்கே இந்த நாட்டுல டைம்டேபிள் போட்டாங்க. கரண்ட் எப்போ போகும்னு தெரிஞ்சுது, உங்க கூட்டம் எப்போன்னு தெரியல. தைப்பூசக் காவடிக்கு வருஷம் தவறாம பேனர் கட்டறீங்க, முன் வரிசையில மாலையோட நிக்கறீங்க. தப்பு எங்க மேலயும் இருக்கு, மாலை போடத் தெரிஞ்ச நமக்கு கணக்கு கேக்கத் தெரியல. போன ஏஜிஎம்ல எத்தனை பேரு தனக்குப் பதிலா இன்னொருத்தர் ஓட்டுப் போடற பிராக்ஸி ஃபாரத்துல வெறும் கையெழுத்து மட்டும் போட்டுட்டு பிரியாணி டப்பாவை வாங்கிட்டு வீட்டுக்குப் போனாங்கன்னு எனக்குத் தெரியும், எங்கப்பாவும் அதுல ஒருத்தர். பிரியாணி போடலன்னாலும் பரவால்ல, கணக்கைப் போடுங்க. டைரக்டர் எலெக்‌ஷனும் ஏஜிஎம்ல நடக்க வேண்டியது, கூட்டமே இல்லன்னா ஓட்டும் இல்ல, இது உங்களுக்கு வசதியா இருக்குன்னு நான் சொல்லல, ஊர்ல பேசிக்கறாங்க.

சரி, கோவத்துல ஏதோ பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க.

சும்மா மிரட்டல, ஆனா நாங்க என்ன பண்ணிட்டு இருக்கோம்னு உங்களுக்கும் தெரியட்டும். மெரேபேங்க், ஃபீனிக்ஸ், டோங்காட்னு சனிக்கிழமை சனிக்கிழமையா வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்கறோம். ஓட்டு உரிமையில 10 சதவீதம் சேந்துட்டா, எதுக்காகக் கூட்டம்னு எழுதிக் குடுத்தா, நீங்க ஷேர்ஹோல்டர் கூட்டத்தைக் கூட்டியே ஆகணும். "பெரிய மனுஷங்களைப் போயி ஏன் கேள்வி கேக்கறே"ன்னு கதவைச் சாத்தினவங்களும் உண்டு. கம்பெனிகளைப் பதிவு பண்ணிக் கவனிக்கிற அரசாங்க ஆபீஸ் சிஐபிசிகிட்ட புகார் குடுக்கலாம். அதுக்கும் அசையலன்னா ஹைகோர்ட்டு, அதுக்கு 10 சதவீதமெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு ஷேர்ஹோல்டர் போனாப் போதும், இந்தத் தேதியில கூட்டத்தை நடத்துன்னு கோர்ட் உத்தரவு போடலாம். அப்படிப் போற செலவை கம்பெனிதான் திருப்பித் தரணும்னு 61(14) சொல்லுது. அதுவும் எங்க காசுதான், அதனாலதான் இன்னும் போகாம உக்காந்து மடல் எழுதிட்டிருக்கேன்.

தயவுசெஞ்சு தேதி சொல்லுங்க. சட்டப்படி 15 வேலை நாள் முன்னாடி நோட்டீஸ் வந்தாப் போதும். ஆடிட் பண்ணின கணக்கும் கூட வரட்டும். அம்மாவை நானே வண்டியில கூட்டிட்டு வரேன். அவங்களால படி ஏற முடியாது, கீழ்த் தளத்துல ஹாலாப் பாருங்க.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்லேர்ந்து ஒரு ஷேர்ஹோல்டரோட மகன்