ஆசாரிக்கு முன்பணம் கொடுக்கும் முன்

அன்புள்ள கயலுக்கு,

ஆசாரி போட்டுக் கொடுத்த வரைபடத்தையும் வீட்டுப் போட்டோக்களையும் மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். ஹாலில் ஒரு பரண், உங்கள் அறையில் உத்தரம் வரை அலமாரி, அத்தையின் கட்டிலுக்குக் கீழே இழுப்பறை. வேலை தெரிந்தவர்தான் போலிருக்கிறது. ஆனாலும் முன்பணம் கொடுக்காதே. தை பிறக்கட்டும் என்று சொல்லிவை. இப்போதே பலகை அடித்தால், எதை வைக்கப்போகிறோம் என்று தெரியாமலே அளவு கொடுத்ததாகிவிடும். முதலில் வேண்டாதது வெளியே போகட்டும், மிஞ்சுவதை அளந்து பார், பிறகு அலமாரி. இந்த வரிசை மாறினால் பணமும் போகும், இரண்டு வருஷத்தில் புது அலமாரியும் பிதுங்கும்.

பரண் வேண்டவே வேண்டாம் என்பது என் எண்ணம். இரண்டடி ஆழத்தில் அடித்தால் சாமான் இரண்டு வரிசையாக நிற்கும். பின்வரிசையை எடுக்க ஏணி போட்டு முன்வரிசையை இறக்க வேண்டும். அதனால் யாரும் எடுப்பதில்லை. இருப்பது மறந்துபோய் அதே பொருளை மறுபடி வாங்குவீர்கள். ஒரே வீட்டில் இரண்டு இட்லிக் குண்டான், மூன்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சேர்வது இப்படித்தான். இப்போதிருக்கும் பரணில் டிவி, மிக்ஸி, ஃபேன் எல்லாவற்றின் அட்டைப்பெட்டியும் போட்டோவில் தெரிகிறது. வாரண்டிக்குப் பொதுவாகக் கேட்பது பில்லும் சீரியல் நம்பரும்தான். அட்டை இடுக்கில் கரப்பான் முட்டையிடும். ஈரச் சுவரோடு ஒட்டியிருந்தால் கரையான் ஏறும். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்ததும் அட்டையை மடித்துப் பேப்பர் கடையில் போட்டுவிடு. வீடு மாற்றும் யோசனை இருந்தால் டிவி பெட்டியை மட்டும் வைத்துக்கொள்.

ஆனால் வேலையைப் பரணில் தொடங்காதே. போட்டோவிலும் தொடங்காதே, ஆல்பத்தைத் திறந்தால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். மனசு ஒட்டாத இடமாகப் பார்த்துத் தொடங்கு. மருந்து டப்பா அதற்குச் சரி.

வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவா. ஃபிரிட்ஜ் கதவு, உன் கைப்பை, அத்தையின் தலைமாடு, ஒன்றும் விடாதே. தேதி முடிந்ததை ஒதுக்குவது எல்லாருக்கும் தெரியும். கத்தரித்து வைத்த அட்டையில் பெயரோ தேதியோ இருந்த ஓரம் போயிருந்தால் அதையும் ஒதுக்கு. கண் சொட்டு மருந்து, லேபிளில் அடுத்த வருஷம் போட்டிருந்தாலும், திறந்தபின் பெரும்பாலும் நான்கு வாரம்தான். தண்ணீர் கலந்து கொடுக்கும் குழந்தை ஆன்டிபயாடிக் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம், பாட்டிலிலேயே எழுதியிருக்கும்.

பாரசிட்டமாலைக் கட்டாயம் பார். கைக்குழந்தைச் சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. பேரன் குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய சொட்டு பாட்டில் இன்னும் கிடந்து, நடுராத்திரிக் காய்ச்சலில் சிரப் என்று நினைத்து யாராவது 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் ஒரேயடியாக உள்ளே போய்விடும். தூக்கக் கலக்கத்தில் இரண்டு பாட்டிலும் ஒன்று போலத்தான் தெரியும். அதை இன்றைக்கே எடுத்துவிடு. கழித்த மாத்திரைகளை சிங்க்கில் கொட்டாதே. அட்டையிலிருந்து உரித்து, காபிச் சக்கையோடு பிசைந்து, கவரில் இறுகக் கட்டி, மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடு. பழைய ட்யூப்லைட்டும் சிஎஃப்எல் பல்பும் அப்படித்தான். உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைத்துப் போடக்கூடாது. உப்பிப்போன செல்போன் பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம், எலக்ட்ரானிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடு. இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் கவலையில்லை, புதிது வாங்கும் கடையிலேயே பழசை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள்.

ஒருநாளைக்கு ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் உட்காராதே. அதற்குமேல் போனால் முடிவெடுக்கத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் “இருக்கட்டும்” என்று திரும்ப உள்ளே வைப்பாய். நான்கு சாக்கு போதும். பேப்பர் கடைக்கு ஒன்று, பிறருக்குக் கொடுக்க ஒன்று, குப்பைக்கு ஒன்று, வீட்டிலேயே வேறு அறைக்குப் போக வேண்டியதற்கு ஒன்று. கடைசி அரைமணி நேரத்தை சாக்குகளைக் காலி பண்ண ஒதுக்கு. பெரும்பாலான வீடுகளில் வேலை கெடுவது இங்கேதான். பிரித்து வைத்த மூட்டை வாசலில் நாலு நாள் கிடக்கும், வருகிறவர் போகிறவர் கிளறுவார்கள், பாதி மறுபடி உள்ளே போகும். முடிவெடுக்க முடியாதவை ஒரே ஒரு பெட்டிக்குள் அடங்கட்டும். மூடி, மேலே தேதி எழுதி வை. ஆடி வரை அதைத் திறக்கத் தோன்றவில்லை என்றால் அப்படியே கொடுத்துவிடலாம்.

பிறருக்குக் கொடுப்பது என்றால் நாளைக்கே உடுத்தும்படி இருக்க வேண்டும். துவைத்து, பொத்தான் தைத்து, சுடிதாரை மேலும் கீழும் சேர்த்துக் கட்டிக் கொடு. கிழிந்ததைக் கரித்துணியாக்கு. வாங்குகிறவர்களுக்கும் கௌரவம் உண்டு என்பதை மறக்கக்கூடாது.

காகிதத்துக்கு மட்டும் அந்த ஒன்றரை மணிநேரக் கணக்கு போதாது, ஒரு முழு சனிக்கிழமை வேண்டும். மாப்பிள்ளையும் கூட உட்காரட்டும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த இடத்தில் பத்திரம் இருப்பது நல்லதல்ல. கிரையப் பத்திரம், மூலப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், எல்ஐசி பாலிசி, இவை என்றைக்கும் வேண்டியவை. பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்தான். ஆனால் பின்னாளில் விற்கவோ அடகு வைக்கவோ போனால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டியிருக்கும். அசல் லாக்கரில், நகல் வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேமினேட் மட்டும் பண்ணாதே. வெப்பத்தில் முத்திரை மங்கலாம், பின்பக்கத்தில் சான்றொப்பம் வாங்கவும் முடியாமல் போகும். கேஸ் இணைப்பு எடுத்தபோது கொடுத்த வவுச்சரைத் தேடி எடுத்து வை. இணைப்பை மாற்றவோ திருப்பிக் கொடுத்து டெபாசிட் வாங்கவோ அதைத்தான் கேட்பார்கள்.

வருமான வரிக் காகிதம் எட்டு வருஷத்துக்கு இருந்தால் போதும். வீடு, நகை வாங்கிய பில் மட்டும் அவை கையில் இருக்கும் வரை இருக்கட்டும், விற்கும்போது லாபக் கணக்குக்கு வேண்டும். கடைகளில் மிஷினில் அடித்துத் தரும் வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதத்திலேயே வெளுத்துவிடும். வாரண்டி உள்ள பொருள் என்றால் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அதோடு சேர்த்துப் பின் போடு. மீதி கரன்ட் பில், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் எல்லாம் கடைக்கு. ஆதார் நகல், பாங்க் ஸ்டேட்மென்ட் இருந்தால் முதலில் கிழித்துவிடு. கடையில் போடும்போது செய்தித்தாள், நோட்டு, அட்டை மூன்றையும் தனித்தனியாகக் கட்டிக் கொண்டுபோ. கலந்து கொடுத்தால் எல்லாவற்றையும் மட்டமான விலைக்குத்தான் எடுப்பார்கள். புத்தகம், பழைய டைரி எதுவானாலும் ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டுப் போடு. உள்ளே 2000 ரூபாய்த் தாள் கிடைத்தால் அது செல்லாது என்று நினைத்துவிடாதே. புழக்கத்திலிருந்து 2023இல் எடுத்தார்களே தவிர, ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகத்தில் மாற்ற வழியிருக்கிறது.

அத்தையின் சாமானுக்கு வருகிறேன். அவர் ஊர் வீட்டிலிருந்து கொண்டுவந்த அண்டா, உருளி, அடுக்கு, ட்ரங்குப் பெட்டி எதிலும் அவர் இல்லாமல் கைவைக்காதே. மாப்பிள்ளை சரி என்று சொன்னாலும் வேண்டாம். தன்னைக் கேட்காமல் ஒரு சொம்பு போனாலும், அடுத்து எது போகுமோ என்று அவர் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அந்தப் பயம் நியாயமானது. “இது வேணுமா அத்தை?” என்று கேட்டால் வேணும் என்றுதான் பதில் வரும். “இது யாருக்குப் போகணும் அத்தை?” என்று கேட்டுப் பார். அண்டா சின்ன நாத்தனாருக்கு, உருளி குட்டி கல்யாணத்துக்கு என்று அவரே பிரித்துச் சொல்வார். சொல்வதை உடனே ஒரு சீட்டில் எழுதி அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டுவிடு. போக வேண்டியவர்களுக்கு அடுத்த விசேஷத்திலேயே அவர் கையால் கொடுக்கச் சொல். ஒருநாளைக்கு ஐந்தாறு பாத்திரத்துக்கு மேல் கேட்காதே, களைத்துப்போவார்.

அவரே விற்கலாம் என்று சொன்னவற்றில் வெண்கலம் எது, பித்தளை எது என்று பார்த்துவிடு. கரி பிடித்துப் போயிருந்தால் இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும். விளிம்பை விரல் முட்டியால் தட்டு. வெண்கலம் மணி போல் நீண்டு ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். வெண்கலத்துக்கு விலை கூட. பித்தளையோடு சேர்த்து எடை போட விடாதே. கீழே போட்டால் வெண்கலம் விரிசல் விடும், அதனால் தனியாகத் துணி சுற்றிக் கொண்டுபோ. பாத்திரக் கடையில் ரொக்கமாக வாங்குவதைவிட மாற்றிக்கொண்டால் கூடுதலாகக் கொடுப்பார்கள், ஆனால் மாற்றிக்கொண்டு மறுபடி ஏழு பாத்திரம் வந்தால் என்ன லாபம்? ஒரு நல்ல குக்கராக வாங்கிக்கொள்.

அவர் அறையில் உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையில் ஒரு பொருளும் இருக்கக்கூடாது. கால்மிதி நழுவாததாக இருக்கட்டும், ஒயர் குறுக்கே போகக்கூடாது. அவர் வயசில் ராத்திரி தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். தினமும் எடுப்பதெல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் தட்டில் வரட்டும், குனியவும் வேண்டாம், ஸ்டூல் போட்டு ஏறவும் வேண்டாம். கட்டிலுக்குக் கீழே இழுப்பறை என்று ஆசாரி போட்டிருப்பது அவருக்கு உதவாது. அதை முதலில் வரைபடத்திலிருந்து நீக்கிவிடு.

பட்டுப் புடவைகளை இப்போது எடுக்காதே. கார்த்திகை ஈரத்தில் பிரித்தால் ஈரம் உள்ளே போய்ப் பூசணம் பிடிக்கும். தை கடைசியில், மாசியில், நல்ல வறண்ட நாளாகப் பார்த்து நிழலில் ஒரு மணிநேரம் காற்றாட விடு. வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும். மடிக்கும்போது பழைய மடிப்பிலேயே மடிக்காதே, ஜரிகை அந்த இடத்தில்தான் முறியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் நெடுங்காலம் இருக்கும். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுப் பழைய வேட்டித் துணியில் சுற்று. பாச்சை உருண்டை ஜரிகையில் பட்டால் நிறம் மாறும். குட்டி மிட்டாய் என்று வாயில் போட்டாலும் ஆபத்து. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து வைத்தாலே போதும்.

பால்கனியையும் மொட்டைமாடியையும் மட்டும் தள்ளிப்போடாதே, மழை இன்னும் விடவில்லை. உடைந்த வாளி, பழைய டயர், செடியில்லாத தொட்டி எல்லாம் இந்த வாரமே போகட்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரியும். வைத்துக்கொள்ளும் பாத்திரத்தை நாரால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வை.

குட்டியின் பொம்மைகளில் பாதியைக் கட்டி வைத்துவிட்டு மாதம் ஒருமுறை மாற்றிக் கொடு. அவன் கைக்கெட்டும் உயரத்தில் மூடியில்லாத கூடைகள் இருந்தால் அவனே எடுத்து வைப்பான். பட்டன் பேட்டரி உள்ள பொம்மையில் மூடி ஸ்க்ரூவால் இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்.

எல்லாம் போகிக்குள் முடிய வேண்டும் என்று இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். போகியன்று தீயில் போட என்று ஒன்றும் சேர்த்தும் வைக்காதே. ரெக்சின், பிளாஸ்டிக், ரப்பர் புகை அத்தையின் மூச்சுக்கு ஆகாது. பழைய சோபாவையும் மெத்தையையும் சென்னை மாநகராட்சியில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை 1913 என்ற எண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொள். இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தால் தூக்கிப் போடாதே, கட்டி தட்டிய பஞ்சைக் கொட்டி அடித்து, புது உறையில் திரும்பத் தைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் முடிந்து மிஞ்சியதை அளந்தபின் ஆசாரியைக் கூப்பிடு. மளிகை டப்பாவுக்குத் தட்டு ஆழம் 12 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், ஒரே வரிசை நின்றால்தான் பருப்பில் வண்டு வருமுன் கண்ணில் படும். ஹேங்கரில் தொங்கவிடும் அலமாரிக்கு மட்டும் 22 அங்குலம் வேண்டும். தட்டுகளை ஏற்றி இறக்கும்படி ஆணிக்குழி வைக்கச் சொல், குட்டி வளரும்போது தேவை மாறும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் பலகையை ஒட்டி அடிக்க வேண்டாம், ஒரு அங்குலம் இடைவெளி விடட்டும்.

இங்கே உன் பெட்டி ஒன்றும் இருக்கிறது. காலேஜ் நோட்டு, என்சிசி சீருடை, கடிதக் கட்டு, பரிசு கோப்பைகள். நீ பார்த்துச் சொல்லாமல் அதிலிருந்து ஒரு தாளையும் எடுக்க மாட்டேன். பொங்கலுக்கு வரும்போது ஒரு மத்தியானம் ஒதுக்கி வை, உட்கார்ந்து பிரித்துவிடலாம். உன் அசல் மதிப்பெண் பட்டியல்கள் மேல் உறையில் இருக்கின்றன. அவற்றைக் கையோடு எடுத்துப்போய் லாக்கரில் வைத்துவிடு.

அத்தைக்கு என் அன்பைச் சொல். குட்டிக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா