61 மணி நேரம் விளக்கெரிய வைத்தவர்களுக்கு

அன்புக்குரியவர்களே,

போன மாதப் புயலில் 61 மணி நேரம் மின்சாரம் இல்லை. எங்கள் முதியோர் இல்லத்தில் 38 பேர் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேருக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடினால்தான் மூச்சு. அந்த 61 மணி நேரமும் பின்பக்க ஷெட்டில் இருக்கும் 40 கேவிஏ ஜெனரேட்டர் ஓடியது. ஆயில் பார்க்க நாங்களாக நிறுத்திய நேரம் தவிர அது நிற்கவே இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நல்ல மெஷின்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இரவில் எங்களைக் கைவிட்டதும் இதே மெஷின்தான். இடையில் என்ன நடந்தது, யார் யார் அதைச் செய்தார்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

அந்த இரவில் கரண்ட் போனதும், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் "டக், டக்" என்றதோடு சரி. பேட்டரியில் உயிரில்லை. தெருவில் போன ஒரு வேனைக் கை காட்டி நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பினோம். இருபது நிமிடம் ஓடியது. அப்புறம் திணறித் திணறி நின்றது. பிறகு கிளம்பவே இல்லை. கைவசம் ஆக்சிஜன் சிலிண்டர்கள் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்கு மணி நேரம் சிலிண்டர் முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என்னை மிகவும் வாட்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஜெனரேட்டரை நாங்கள் கவனிக்காமல் விட்டிருக்கவில்லை. வாரம் தவறாமல் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து, சத்தம் கேட்டதும் அணைத்துவிட்டு நிம்மதியாக வந்துகொண்டிருந்தோம்.

மெக்கானிக் அண்ணனுக்கு முதல் நன்றி. மறுநாள் காலையில் வந்து, அந்த ஐந்து நிமிடமே பாதிக் கெடுதலைச் செய்துவிட்டது என்று பொறுமையாக விளக்கினீர்கள். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் பேட்டரி நிறைய இழக்கிறது. ஐந்து நிமிட ஓட்டத்தில் அது திரும்ப ஏறுவதில்லை. ஏற்ற வேண்டிய சார்ஜரும் என்றைக்கோ செத்துப்போயிருந்தது. லோடு இல்லாமல், அதாவது விளக்கு, மோட்டார் என்று எதற்கும் கரண்ட் கொடுக்காமல் ஓடும் டீசல் இன்ஜின் சரியாகச் சூடாகாது. எரியாத டீசல் கரியோடு கலந்து புகைக்குழாயில் பிசுபிசுவென்று படியும். சைலன்சர் வாயை வேஸ்ட் துணியால் துடைத்து, அந்தக் கருப்பு மசையைக் காட்டினீர்கள். டேங்கின் அடியிலிருந்து வடித்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்தீர்களே, அதை நான் மறக்க மாட்டேன். அடியில் தண்ணீர், மேலே டீசல், இரண்டும் சேரும் இடத்தில் பாசி மாதிரி பழுப்பாக ஒரு படலம். பாதி காலியாகக் கிடக்கும் டேங்கில் காற்றின் ஈரம் படிந்து நீராகும், அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வளரும், அவைதான் ஃபில்டரை அடைக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். முதல் நாள் இரவு இருபதாவது நிமிடத்தில் மெஷின் நின்றதற்கும் அதுவே காரணம்.

டேங்கைக் கழுவி, ஃபில்டர்களை மாற்றி, கைப் பம்பை அழுத்தி டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, புது பேட்டரியும் சார்ஜரும் வைத்த பிறகும் நீங்கள் கிளம்பவில்லை. "ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்காதீங்க, லோடு எடுக்குதான்னு பாருங்க" என்றீர்கள். மாதம் ஒரு முறை மெயினை நிறுத்தி, அரை மணி நேரமாவது கட்டடத்தின் உண்மையான லோடில் ஓட்ட வேண்டும். அந்த லோடு மெஷினின் திறனில் 30 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்றீர்கள். நான் மறுத்தேன். வயதானவர்கள் இருக்கும் கட்டடத்தில் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்துவதா என்று இரண்டு நாள் வாதாடினேன். நீங்கள் கோபப்படாமல் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "நீங்களா நிறுத்துற அன்னைக்குப் பகல் பத்து மணி, சிலிண்டர் தயார், நானும் பக்கத்துல இருப்பேன். தானா நிக்கிற அன்னைக்கு இது எதுவுமே இருக்காதே." அதற்கு மேல் என்னிடம் பேச்சில்லை.

சலவைப் பிரிவு அக்காக்கள் இருவருக்கும் அடுத்த நன்றி. 40 கேவிஏ மெஷின் 32 கிலோவாட் வரை தரும். அதில் 30 சதவீதம் என்றால் ஏறக்குறைய 10 கிலோவாட். எங்கள் பகல் நேர லோடு ஆறைத் தாண்டாது. மீதிக்கு எங்கே போவது? நீங்கள்தான் மாதத்தின் முதல் சனிக்கிழமைக்குப் போர்வைகளையெல்லாம் சேர்த்து வைத்து, அந்த அரை மணி நேரத்தில் வாஷிங் மெஷின்களையும் ஹீட்டர்களையும் ஓடவிட்டீர்கள். தண்ணீர் மோட்டாரையும் அதோடு சேர்த்தோம். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போடாமல் ஒன்று நிதானமானதும் அடுத்தது என்று போடப் பழகினீர்கள். புயல் இரவில் யாரும் சொல்லாமலே அதே வரிசையில் போட்டீர்கள். மெஷின் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை.

இரவுக் காவலர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் வேலைப் பட்டியலில் ஜெனரேட்டர் இல்லை. ஆனாலும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வாரா வாரம் ஆயில் அளவு, கூலண்ட், டீசல், பேட்டரி வோல்ட், ஓடிய மணி என்று எழுத ஆரம்பித்தீர்கள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "பேட்டரி 12.4 காட்டுது" என்றீர்கள். பன்னிரண்டுக்கு மேல்தானே இருக்கிறது, நல்லதுதானே என்றேன். நீங்கள் பக்கங்களைப் புரட்டிக் காட்டினீர்கள். அதுவரை வாரா வாரம் 13.5. சார்ஜர் வேலை செய்தால் அப்படித்தான் காட்டும்; 12.4 என்றால் பேட்டரி தனியாக நிற்கிறது என்று அர்த்தம். பார்த்தால் சார்ஜரின் ஃபியூஸ் போயிருந்தது. அப்படியே விட்டிருந்தால் அடுத்த மாதம் மறுபடியும் அந்த "டக், டக்" கேட்டிருக்கும். எலி கடித்த ஒயரைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். அந்த நோட்டு இப்போது மூன்றாவது புத்தகமாகிவிட்டது.

எலக்ட்ரீஷியன் தம்பிக்கு: முன்பிருந்த பழைய இணைப்பில் ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனுக்குத் திரும்பிப் போக வழி இருந்தது. லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரை அது கொன்றுவிடும் என்று நீ சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கியது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சேர முடியாதபடி இன்டர்லாக் உள்ள தானியங்கி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வெளி லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுவது) வைத்துக் கொடுத்தாய். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் பேனல் சுவிட்ச் "ஆட்டோ"வில் இருக்கிறதா என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற பழக்கமும் உன்னுடையதே.

பக்கத்து வீட்டம்மாவுக்கு. புகை உங்கள் ஜன்னலுக்குள் வருகிறது என்று சொல்ல வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள். தயங்கியிருக்கவே வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீங்கள் சொன்னதால்தான் புகைக்குழாயை எல்லா ஜன்னல்களையும் விட்டு விலக்கி உயரமாக ஏற்றினோம், படுக்கை அறைகளில் எச்சரிக்கை கருவியும் வைத்தோம்.

புயல் இரவுகளில் டீசல் கேன் தூக்கிய இளைஞர்களே, எங்கள் மெஷின் மணிக்கு ஐந்து லிட்டர் போலக் குடித்தது. டேங்க் 100 லிட்டர்தான். 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாக இருந்தும், எரிபொருளை மேலே ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் வெள்ளத்தில் மூழ்கிவிட்டன. ஊழியர்களும் படைவீரர்களும் மாடிப்படியில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். இதைப் படித்த பிறகுதான் எங்கள் டீசல் பேரல்களையும் சார்ஜரையும் தரையிலிருந்து மூன்றடி மேடைக்கு ஏற்றியிருந்தோம். இந்தப் புயலில் ஷெட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. மேடை வரை வரவில்லை. ஆனால் பேரல் தீர்ந்த பிறகு அந்தத் தண்ணீரில் நடந்து டீசல் கொண்டுவந்தது நீங்கள். ஆயில் பார்க்க மெஷினை நிறுத்திய ஒவ்வொரு முறையும் மூன்று கட்டில்களின் அருகிலும் சிலிண்டரோடு நின்ற செவிலியர்களையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

இல்லத்துப் பெரியவர்களே, உங்களுக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். மாதாமாதம் சொல்லி வைத்து உங்கள் மின்விசிறியை நிறுத்தினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, விளக்கு திரும்ப எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணி எழுதினார். எப்போதும் எட்டு, ஒன்பது. ஒரு மாதம் 14 என்றார். செல்ஃப் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுத்தம் செய்து இறுக்கினோம், மறுபடியும் எட்டு. புயல் அன்று இருட்டு விழுந்ததும் கூடத்தில் அவர் குரல் மட்டும் கேட்டது: "ஒன்று, இரண்டு, மூன்று..." கூடவே மற்றவர்களும் எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்பதில் விளக்கு வந்தது. நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கடைசியாக, அந்த வேன் ஓட்டுநருக்கு. இரண்டு வருடத்துக்கு முன் நள்ளிரவில், யாரென்றே தெரியாத எங்களுக்காக வண்டியை நிறுத்தினீர்கள். விடியும் முன் சரக்கு இறக்க வேண்டும் என்றீர்கள். ஆனாலும் மெஷின் கிளம்பும் வரை நின்றீர்கள். பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. உங்கள் ஜம்பர் கேபிள் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. துடைத்து, சுருட்டி, ஷெட் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தால் நாங்கள் எல்லாரும் கூடத்தில்தான் இருப்போம்.

நன்றியுடன்,
இல்லப் பொறுப்பாளர்