கல்லூரி அரங்குகளுக்குப் படத்தை எடுத்துவரும் முன்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வந்துவிட்டது, 98 நிமிடத்தில் முடித்துவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. புதுச்சேரியில் தொடங்கி கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், நெய்வேலி, விழுப்புரம் என்று வேனில் ஒரு சுற்று வந்து கல்லூரிகளில் காட்டலாம் என்ற யோசனையும் நல்லதுதான். ஆனால் நீ குறித்திருக்கும் நவம்பர் வேண்டாம். இந்தக் கரைக்கு மழை வரும் மாதமே அதுதான். 2024-இல் நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகி இங்கே வீடுகளுக்குள் தண்ணீர். 2011-இல் 'தானே' புயல் வந்தது டிசம்பர் 30-ஆம் தேதி. மழை இல்லாவிட்டாலும் அது செமஸ்டர் தேர்வு நேரம். பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வைத்துக்கொள். புதுச்சேரிக் கல்லூரிகள் புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, கடலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அட்டவணை வேறு. அதனால் இரண்டு பக்கத்து இன்டர்னல் தேர்வுத் தேதிகளையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும்.

புரொஜெக்டர் நல்லதாக வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்டால் அந்தப் பணத்தை ஒலிக்குச் செலவழி. படம் கொஞ்சம் வெளிறித் தெரிந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் புரியவில்லை என்றால் பத்தாவது நிமிடத்தில் பக்கத்து ஆளோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு மீட்க முடியாது. கல்லூரி அரங்கில் சுவரோடு வரிசையாக மாட்டியிருக்கும் ஸ்பீக்கர்கள் மேடைப் பேச்சுக்கானவை. அடி ஒலியும் வராது, மேல் ஒலியும் வராது. 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது) இரண்டு, ஸ்டாண்டோடு கொண்டுவா. திரைக்கு இரண்டு பக்கமும், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே வருகிற உயரத்தில் வை. 200, 250 பேருக்கு அது போதும்.

5.1 ஒலித்தடத்தை, அதாவது ஆறு சேனலாகப் பிரித்த தியேட்டர் ஒலியை, மட்டும் நம்பி வராதே. அதில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில்தான் இருக்கும். லேப்டாப்பிலிருந்து இடது, வலது இரண்டை மட்டும் எடுத்து மிக்ஸருக்குக் கொடுக்கும்போது, பிளேயர் ஆறையும் இரண்டாகக் கலக்காவிட்டால் இசை கேட்கும், ஆள் வாயசைப்பது மட்டும் தெரியும். அதனால் உன் ஒலிப்பதிவாளரிடம் தனியாக ஒரு ஸ்டீரியோ மிக்ஸ் வாங்கிக்கொள்.

ஸ்டீரியோ மிக்ஸ் இருந்தும் வசனம் மறைந்து போகிற இடம் ஒன்று உண்டு. அரங்கில் ஒலி பார்ப்பவர் லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரே ஒரு ஸ்டீரியோ பின் கேபிளை எடுத்து மிக்ஸரின் ஒற்றைச் சேனலில் செருகிவிடுவார். மிக்ஸர் அதை பேலன்ஸ்டு சிக்னல் (ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் அனுப்புவது) என்று எடுத்துக்கொண்டு இடதிலிருந்து வலதைக் கழிக்கும். வசனம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பது. கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. பின்னணி இசையும் எதிரொலியும் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஸ்பீக்கர் பழுது என்று நினைத்து எல்லாரும் வால்யூமை ஏற்றுவார்கள். பழுது ஸ்பீக்கரில் இல்லை, கேபிளில். ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறு முனையில் இரண்டு கால் அங்குல மோனோ பின் உள்ள கேபிள் இரண்டு வாங்கி வை; இரண்டு சேனலில் செருகச் சொல். அரங்கு அகலமாக இருந்தால் இரண்டு சேனலையும் நடுவில் வைத்து மோனோவாகவே ஓட்டு. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் முழு வசனமும் கேட்கும்.

'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பார். நின்றுவிட்டால் எர்த் சிக்கல்: லேப்டாப் ஒரு சுவர் பிளக்கிலும் மிக்ஸர் வேறு சுவரிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடு. அதற்கும் போகாவிட்டால் நடுவில் ஒரு டி.ஐ. பாக்ஸ், ஒலியை மட்டும் விட்டு எர்த் இணைப்பை அறுக்கும் சின்னப் பெட்டி. சார்ஜரின் எர்த் பின்னை வெட்டுகிற வேலையை மட்டும் யாரையும் செய்ய விடாதே, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஒலி அளவு பார்க்கும்போது மின்விசிறி எல்லாம் முழு வேகத்தில் ஓட வேண்டும். காலி அரங்கில் சத்தம் அதிகமாகத்தான் தெரியும். ஆள் நிறைந்தால் உடம்பும் துணியும் பாதியை விழுங்கிவிடும், அதனால் ஒரு படி ஏற்றியே வை.

அடுத்தது இருட்டு. 1905-இல் திருச்சியில் சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் போய்க் கூடாரத்தில் படம் காட்டினாரே, அவர் பொழுது சாய்வதற்குக் காத்திருக்கலாம். நமக்கு அது முடியாது. இங்கே பாதிப் பிள்ளைகள் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ஷிஃப்ட் முறை உள்ள கல்லூரியில் காலை ஷிஃப்ட் மதியத்தோடு முடிந்துவிடும். ஆகவே காலை 10 மணிக்காட்சி. உள்ளே வந்து உட்கார 20 நிமிடம், படம் 98, பேச்சு 40. மொத்தம் 2 மணி 38 நிமிடம். முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் மூன்று மணி நேரம் என்று கேள்.

பட்டப்பகலில் ஜன்னலை மூடாமல் எந்த புரொஜெக்டராலும் கறுப்பைக் கறுப்பாகக் காட்ட முடியாது. 4 அடிக்கு 5 அடி ஜன்னலுக்கு, சுற்றிலும் அரை அடி கூடுதலாக வைத்தால் 5-க்கு 6 அடித் துணி வேண்டும். 36 அங்குல அகலத் துணியில் இரண்டு பட்டை, அதாவது 12 அடி. 12 ஜன்னலுக்குச் சுமார் 45 மீட்டர். கெட்டித் துணியாக எடு. மெல்லியது என்றால் இரட்டை மடிப்புக்கு 90 மீட்டர் ஆகும். தார்ப்பாய் வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் காற்றையும் அடைத்துவிடும். இந்தக் கரைக் காற்றின் ஈரத்தில் 200 பேர் உள்ளே வெந்துபோவார்கள். ஆணி அடிக்காதே, டேப் ஒட்டினால் பெயின்ட் உரியும், மறுமுறை அரங்கு கிடைக்காது. ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் துணிக் கிளிப் போடு.

புரொஜெக்டரில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: த்ரோ விகிதம், அதாவது திரை அகலத்துக்கு எத்தனை மடங்கு தூரத்தில் வைக்க வேண்டும் என்பது. அது 1.5 என்றால் 12 அடி அகலத் திரைக்கு 18 அடி தள்ளி வைக்க வேண்டும். உன் படத்தின் அகலம் உயரத்தைப்போல 2.39 மடங்கு. பல கல்லூரிகளில் இன்னும் 4-க்கு 3 திரைதான். 12 அடி அகலத்தில் படம் 5 அடி உயரம்தான் வரும், மேலும் கீழும் கறுப்பு. சப்டைட்டிலைக் கீழ்க் கறுப்பில் வைத்திருந்தால் படத்துக்குள் ஏற்றிவிடு. திரையின் அடிப்பக்கம் முன்வரிசைத் தலைகளில் மறையும்.

தியேட்டருக்குக் கொடுக்கும் டி.சி.பி. கோப்பு எந்தக் கல்லூரியிலும் ஓடாது. எம்.பி.4 கோப்பு எடு. நொடிக்கு 20 மெகாபிட் என்றால் 14.7 ஜி.பி. வரும். ஃபேட் 32 பென்டிரைவில் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்துகொள். சில பழைய கருவிகள் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அவற்றுக்காக 5 மெகாபிட்டில் ஒரு பிரதி, 3.7 ஜி.பி.க்குள் அடங்கும். ஓட்டுவது எப்போதும் லேப்டாப்பின் உள் டிஸ்க்கிலிருந்து. 10 மீட்டருக்கு மேல் சாதாரண ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் படம் விட்டுவிட்டு வரும். ஆப்டிகல் கேபிள் வாங்கு.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்க ஒரு நிமிடம் ஆகலாம். லேம்ப் புரொஜெக்டர் சூட்டோடு அணைந்தால் ஆறிய பிறகே மறுபடி எரியும், அந்தச் சில நிமிடத்தில் அரங்கு காலி. 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றில் புரொஜெக்டரும் லேப்டாப்பும் மட்டும் இருக்கட்டும், ஸ்பீக்கரை அதில் சேர்க்காதே.

வழியில், முள்ளோடை தாண்டி ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் புதுச்சேரியிலிருந்து வரும் வேனை மதுபாட்டிலுக்காகத் திறக்கச் சொல்வார்கள். கருவிப் பட்டியலும் வாடகை ரசீதும் கையில் இருந்தால் ஐந்து நிமிடம். டீசலைப் புதுச்சேரியிலேயே நிரப்பிக்கொள், விலை குறைவு. முழுச் சுற்றும் சுமார் 250 கி.மீ.தான், செலவு தங்குவதிலும் சாப்பாட்டிலும் போகும். அரசுக் கல்லூரி பணம் தருவதாகச் சொன்னாலும் பில் பாஸாகி வர நாளாகும், அதை நம்பி வழிச்செலவு போடாதே.

படம் முடிந்ததும் டியூப்லைட்டை முழுக்கப் போடக் கூடாது என்று எலக்ட்ரீஷியனிடம் முன்பே சொல்லிவிடு. வெளிச்சம் வந்ததும் எழுந்துவிடுவார்கள். பெயர்கள் ஓடும்போது பின்பக்க விளக்கு இரண்டு மட்டும். 'கேள்வி இருக்கா?' என்று கேட்டால் மௌனம்தான் வரும். நுழையும்போதே துண்டுச்சீட்டும் பென்சிலும் கொடு. பெயர் எழுத வேண்டாம் என்று சொல். சீட்டுகளைப் படித்துத் தொடங்கினால் மூன்றாவது சீட்டில் ஒரு கை உயரும். ஆசிரியர்களை முன்வரிசையில் உட்கார வைக்காமல் ஓரத்தில் உட்காரக் கேட்டுக்கொள். நீ ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசாதே. அந்தப் பிள்ளைகள் என்ன பார்த்தார்கள் என்று கேட்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறாய்.

98 நிமிடம் என்பது கடைசிப் பெயர்களையும் சேர்த்தா, சான்றிதழில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறது என்று உடனே எழுது. முதல்வர்களுக்கான கடிதத்தில் அந்த எண்ணும் சான்றிதழ் நகலும் வேண்டும். அரங்குகளின் ஜன்னல் அளவை நான் டேப் வைத்து எடுத்து அனுப்புகிறேன், அதைப் பார்த்துத் துணி வாங்கு.

அன்புடன்,
உன் நண்பன்