நாய் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பயிற்சித் திடலில் இனி அதட்டலும் வேண்டாம், வாரைச் சுண்டி இழுப்பதும் வேண்டாம், நாய் சரியாகச் செய்த நொடியில் கட்டைவிரலால் அமுக்கி 'கிளிக்' என்று சத்தம் எழுப்பும் கிளிக்கர் என்ற சிறு கருவியும், உடனே கொடுக்கும் தீனியும் போதும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அந்த முடிவு என்ன ஆயிற்று என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தொடக்க வகுப்புகள் சரியாக வரவில்லை. நாய்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் கட்டைவிரல்தான் பிந்தியது. என் நாய்க்கு உட்காரப் பழக்கினேன். அதன் பின்பகுதி தரையைத் தொட்ட நொடியில் கிளிக்கரை அமுக்கியிருக்க வேண்டும். நானோ தீனிப் பையைத் துழாவிவிட்டு அப்புறம் அமுக்கினேன். அதற்குள் அது எழுந்துவிடும். சில நாளில், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து நின்று வாலை ஆட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது. எழுந்ததற்குத்தானே கூலி கிடைத்தது! வேறு சிலருக்கும் இதே கதைதான்.

அதனால் கொஞ்ச நாள் நாய்களை வீட்டில் விட்டுவிட்டு நாம் மட்டும் கூடினோம். ஒருவர் பந்தைத் தரையில் தட்டுவார். பந்து தரையைத் தொடும் கணத்தில் மற்றவர்கள் கிளிக்கரை அமுக்க வேண்டும். முதல் நாள் மழை பெய்வதுபோல் ஆளுக்கொரு நேரம் சத்தம் வந்தது. போகப்போக எல்லாக் கிளிக்கும் ஒன்றாக விழுந்தன. இந்த ஆண்டு நாம் செய்த மிக நல்ல காரியம் இதுதான் என்பது என் கருத்து.

புதியவர்களுக்காக ஒன்று: கிளிக் சத்தத்துக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. சத்தம், உடனே தீனி என்று பத்துப் பதினைந்து முறை கொடுத்த பிறகே நாய்க்கு அது புரியும். பட்டாணி அளவுத் துண்டு போதும். தவறிப்போய் அமுக்கிவிட்டாலும் தீனி கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சத்தத்தின் மீதிருக்கும் நம்பிக்கை போய்விடும். நடத்தை படிந்த பிறகுதான் 'உட்கார்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். சொல் பழகியதும் அந்தப் பாடத்துக்குக் கிளிக்கர் தேவைப்படாது.

இது நேற்று வந்த முறையும் அல்ல. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1951இலேயே 'கிரிக்கெட்' என்ற சத்தப் பொம்மையை வைத்து நாயைப் பழக்கும் வழியை எழுதியிருக்கிறார். டால்ஃபின்களை விசிலும் மீனும் கொண்டு பழக்கிய காரென் பிரையர் 1990களில் இதை நாய் வளர்ப்போரிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தார். நீந்திப் போய்விடும் பிராணிக்கு வார் கட்டி இழுக்க முடியாதே.

சத்தத்துக்கு மிரண்ட நாய்க்குக் கிளிக்கரைத் துணியில் சுற்றிப் பிடித்தோம். காது கேளாத நாய்க்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதே கிளிக். இரண்டும் இப்போது வகுப்பில் ஆசையாக நிற்கின்றன.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். திடலைச் சுத்தம் செய்து தந்த உறுப்பினர்களுக்கு நன்றி.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் நாயோடு பழகும் எல்லோரும், குழந்தைகள் உட்பட, பந்துப் பயிற்சிக்கு ஒருமுறையாவது வர வேண்டும். இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன்.

செயலாளர்