மீன் தொட்டிக்குப் பின்பக்கம் ஒன்று இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழோடு வந்த வீட்டு அலங்கார இணைப்பில் அசத்தும் மீன் தொட்டிகள் என்று எட்டுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நான் கொளத்தூரில் இருக்கிறேன், பதினாறு வருடமாக வீடு வீடாகப் போய்த் தொட்டி கழுவுவதுதான் பிழைப்பு, அதனால் இந்த மாதிரிக் கட்டுரை கண்ணில் பட்டால் ஓர் எழுத்து விடாமல் படித்துவிடுவேன். படங்கள் பிரமாதம். ஆனால் எட்டுப் பக்கத்திலும் ஃபில்டர் என்ற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை. சோபா, விளக்கு, சுவர் வண்ணம், எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மீன் என்ன சாப்பிடும், எங்கே ஒளியும், தண்ணீரை யார் எப்படி மாற்றுவார்கள் என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

முதலில் ஒரு திருத்தம். பெர்லினில் ஓட்டல் முகப்புக் கூடத்தில் நிற்கும் உருளைத் தொட்டியின் படத்தைப் போட்டு, அந்தப் பக்கம் போனால் தவறவிடாதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்வாடோம் என்று பெயர். தவறவிடாமல் என்ன செய்வது, அது உடைந்துபோய்விட்டதே! 2022 டிசம்பர் 16, விடியற்காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வெடித்தது. பத்து லட்சம் லிட்டர் உப்புத் தண்ணீர், சுமார் 1,500 மீன்கள், அத்தனையும் கூடத்திலும் தெருவிலும் கொட்டின, வெளியே உறைபனிக் குளிர், மீன்கள் அநேகமாக எல்லாமே செத்தன. இரண்டு பேருக்குக் காயம். அந்த நேரத்தில் கூடத்தில் அநேகமாக ஆள் இல்லாததால் இதோடு போயிற்று, பகலாக இருந்திருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது. இத்தனைக்கும் அதைப் புதுப்பித்து, அந்த வருடம்தான் மறுபடி திறந்திருந்தார்கள். ஒட்டு விட்டுப்போனதா, அடியில் இருந்த ஒரு வெட்டா, பழுதுபார்த்தபோது பட்ட காயமா என்று ஆராய்ந்த நிபுணர், இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றே அறிக்கை கொடுத்தார்.

எனக்கு அந்தத் தொட்டியின் மேல் எப்போதுமே ஒரு மனக்குறை உண்டு. நடுவில் லிஃப்ட் ஏறி இறங்கும், அதைச் சுற்றி மீன், மீனைச் சுற்றி ஓட்டல் அறைகள். உள்ளே இருந்தும் வெளியே இருந்தும் பார்ப்பார்கள். உடைந்த செய்தி வந்த அன்று முழுக்க நான் வேலைக்குப் போன வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான், நம்ம தொட்டி உடையுமாண்ணா என்று.

அதற்கான பதிலை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை அழுத்துவது தண்ணீரின் உயரம்தான். இரண்டடி உயரத் தொட்டியை மூன்றடியாக்கினால் முன்கண்ணாடி தாங்க வேண்டிய மொத்த விசை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், பாதி உயரம்தானே கூட்டினோம் என்று நினைக்கக் கூடாது. அதனால் ஆசை இருந்தால் நீளத்தைக் கூட்டுங்கள், உயரத்தில் கை வைக்காதீர்கள். மீனும் பெரும்பாலும் குறுக்கேதான் நீந்தும், மேலும் கீழுமாக அல்ல. அதோடு என் கை இரண்டரை அடிக்கு மேல் எட்டாது, இது கொஞ்சம் சுயநலம்தான். லிஸ்பன் மீன் காட்சியகத்தில் ஜப்பானியர் தகாஷி அமானோ 2015இல் அமைத்த நன்னீர்த் தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர், ஆனால் உயரம் ஓர் ஆள் உயரத்தை எட்டாது. அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் ஜனங்கள்.

எடையைப் பற்றியும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடித் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 680 கிலோ. கல், மணல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் தனி. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்று வைத்துத்தான் நம் ஊரில் கணக்குப் போடுகிறார்கள் என்று ஒரு இன்ஜினியர் வாடிக்கையாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்தத் தொட்டி நிற்கும் இடத்தில் அது 600ஐத் தாண்டும். அதற்காக உடனே தளம் இடிந்து விழுந்துவிடாது, பீம் மேலேயோ தூணை ஒட்டியோ வைத்தால் பெரும்பாலும் தாங்கும், ஆனால் கேட்டுவிட்டு வைக்க வேண்டாமா? உங்கள் இணைப்பில் மாடி ஹாலின் நட்ட நடுவில் எட்டடித் தொட்டி நிற்கிறது.

சுவருக்குள் பதிக்கிற தொட்டி கதைக்கு வருகிறேன். அண்ணா நகர் பக்கம் ஒரு வீடு, மூன்றாவது மாடி. ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே சுவரை உடைத்து, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி தொட்டி, சுற்றிலும் தேக்குச் சட்டம். பார்க்க உங்கள் இணைப்பில் வந்ததைப் போலவே இருக்கும். அலங்காரம் செய்தவர் மேலே விட்டிருந்த இடைவெளி நாலு விரல். நாலு விரல் இடைவெளியில் நான் எப்படிக் கையை விடுவேன், வலையை விடுவேன், செத்த மீனை எடுப்பேன்? ஃபில்டரைச் சமையலறை லாஃப்டில் வைத்திருந்தார்கள், அதை இறக்க வேண்டுமென்றால் முதலில் இட்லிப் பானையை இறக்க வேண்டும். வியாழக்கிழமை தண்ணீர் நிரப்பி ஞாயிறு கிரகப்பிரவேசத்துக்கு மீன் வேண்டும் என்றார்கள். மீன் கழிவில் வந்து மீனையே கொல்லும் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா ஃபில்டரில் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், பொறுங்கள் என்றேன். கேட்கவில்லை. இன்னொரு கடையில் வாங்கி விட்டார்கள். பத்து நாளில் அந்த வீட்டு அம்மா போன் செய்து, தம்பி, கொஞ்சம் வந்து பாருங்க, வாசனை தாங்கலை என்றார். போய்ப் பார்த்தால், செத்ததை எடுக்க ஃபால்ஸ் சீலிங்கை அறுக்க வேண்டியிருந்தது. தச்சரும் நானும் ஒரு முழு நாள்.

டீபாய் தொட்டி, வாஷ்பேசினுக்குக் கீழே தொட்டி, இவற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கோபம்தான் வரும், விட்டுவிடுகிறேன். சோப்புக் கையோடு தண்ணீர் திறக்கிற இடத்தில் எந்தப் புண்ணியவான் மீனை வைக்கச் சொன்னான்?

அழகாகச் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் மான்டரே விரிகுடா மீன் காட்சியகத்தைப் பாருங்கள், 1984இல் திறந்தது, பழைய மத்தி டப்பா ஆலை இருந்த இடம். அங்கே 28 அடி உயரத்தில் கெல்ப் என்ற கடல்பாசிக் காடே வளர்கிறது. உயரத்தைக் கூட்டாதே என்றவன் 28 அடியைப் புகழ்கிறானே என்று கேட்பீர்கள். அங்கே உயரம் பாசிக்காக. மேலே கூரை கிடையாது, பாசிக்கு வெயில் வேண்டும். தண்ணீர் அசையாமல் நின்றால் அது வாழாது, அதனால் அலை எழுப்ப ஒரு இயந்திரம். பகலில் பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரியும்படி வடிகட்டிய கடல்நீர், ராத்திரியில் வடிகட்டாமல் அப்படியே விடுகிறார்கள், அதிலுள்ள நுண்ணுயிர்கள் தொட்டியில் இருப்பவற்றுக்கு உணவு. அந்தத் திறந்த மேற்பக்கமும் இயந்திரமும் ராத்திரித் தண்ணீரும்தான் என் கண்ணுக்கு டிசைன். ஜப்பானில் ஒகினாவா மீன் காட்சியகத்தில் சுறாக்களுக்கான தொட்டியும் அப்படித்தான், திமிங்கிலச் சுறா செங்குத்தாக நிமிர்ந்து இரை தின்னும் என்பதால் 10 மீட்டர் ஆழம் வைத்தார்கள். அதைத் தாங்க 60 சென்டிமீட்டர் கனத்தில் கண்ணாடி மாதிரித் தெரியும் அக்ரிலிக் பலகை. மீனுக்காக ஆழம் வந்தது, ஆழத்துக்காகக் கனம் வந்தது.

அடுத்த தடவை இப்படி ஒரு இணைப்பு போட்டால், ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அந்தத் தொட்டியின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். ஒயர், பைப், பக்கெட், ஈரத் துணி, எல்லாம் தெரியட்டும். மேலே ஒன்றரை அடியாவது இடம் விட்டிருக்கிறார்களா என்று அளந்தும் எழுதுங்கள். பெர்லின் படத்துக்கு மறுப்பும் போட்டுவிடுங்கள், யாராவது டிக்கெட் எடுத்துவிடப் போகிறார்கள்.

பெயர் போட வேண்டாம், மேலே சொன்ன வீட்டில் இன்னும் மாதம் இரண்டு தடவை வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தொட்டிக்காரன்,
கொளத்தூர், சென்னை.

பி.கு.: உங்கள் கடைசிப் பக்கத்துப் படத்தில் சின்ன மீன்களைத் தின்கிற இரண்டடி அரோவானாவோடு பத்திருபது நியான் டெட்ராப் பொடி மீனும் நீந்துகின்றன. படம் எடுத்த அன்று ராத்திரியே டெட்ரா காலியாகியிருக்கும். மூடியும் இல்லை, அரோவானா குதிக்கிற மீன், அடுத்த நாள் காலையில் அது எங்கே கிடந்தது என்று விசாரித்துச் சொல்லுங்கள்.